பென்டிரைவில் சிம்லிங்க்: மலைமேல் பிழை, சேலத்தில் பழைய எடை

ஏற்காட்டுக் கணக்கர்:
எஸ்டேட்டில் காப்பிப் பழ எடையைத் தேதிவாரியாக ஃபோல்டர்களில் வைத்திருக்கிறேன். 'புதியது' என்ற சிம்லிங்க்கை (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) அன்றைய ஃபோல்டருக்குத் திருப்ப, எஸ்டேட்டின் லினக்ஸ் கணினியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். முதலில் /டிஎம்பி என்ற தற்காலிக ஃபோல்டரில் ஒரு சோதனை லிங்க் போடும். லிங்க் போடும் 'எல்என் -எஸ்' கட்டளை பூஜ்யம் (அதாவது வெற்றி) திருப்பினால் மேலே போகும். எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் அமைந்த பென்டிரைவில் சோதனை தேறுகிறது, ஆனால் அசல் லிங்க்கில் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று நின்றுவிடுகிறது. சூடோ போட்டு 'ரூட்' எனும் நிர்வாகி உரிமையில் ஓட்டினாலும் அதே பதில்தான். அதே பென்டிரைவோடு 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, செவ்வாய்ப்பேட்டைக் கடையின் விண்டோஸ் கணினியில் கிட் பாஷில் (விண்டோஸில் ஷெல் கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஓட்டினால் பிழையே இல்லை! ஆனால் பிறகு ஓர் எடையை 412-இலிருந்து 421 ஆகத் திருத்தினேன். 'புதியது' இன்னமும் 412 என்றே காட்டுகிறது.

பழைய ஷெல்காரர்:
சூடோவை விடுங்கள். எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32-இலும் சிம்லிங்க்கே கிடையாது; இல்லாததை ரூட் எங்கிருந்து தருவார்? இயங்குதளத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதும் வீண். லிங்க் எந்த ஃபோல்டரில் அமையப்போகிறதோ அங்கேயே 'எம்கேடெம்ப் -டி' கொண்டு தற்காலிக ஃபோல்டர் திறந்து சோதியுங்கள். /டிஎம்பி உங்கள் டிஸ்க்கில் இருக்கிறது. வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் தண்ணீர் இருக்கிறது என்றால் எப்படி?

விண்டோஸ் பக்கத்தவர்:
412-க்கு நான் பதில் சொல்கிறேன். கிட் பாஷில் 'எல்என் -எஸ்' வழக்கமாக லிங்க் போடுவதில்லை. நகலெடுத்து வைத்துவிட்டுப் பூஜ்யம் திருப்பும். உங்கள் 'புதியது' அன்றைய நகல். ஆகவே பூஜ்யத்தை நம்பாமல் 'டெஸ்ட் -எல்' கொண்டு, வந்தது லிங்க்தானா என்று பாருங்கள். சோதனைக்கு முன் இலக்குக் கோப்பை உண்மையாகவே உருவாக்குங்கள். இல்லாத கோப்பை அது நகலெடுக்க முடியாமல் வேறு பிழை தரும். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அசல் லிங்க் வேண்டுமானால் எம்எஸ்ஒய்எஸ் என்ற சூழல் மாறியில் 'வின்சிம்லிங்க்ஸ்:நேட்டிவ்ஸ்டிரிக்ட்' என்று வையுங்கள். அட்மின் உரிமையோ டெவலப்பர் மோடோ தேவைப்படும்.

ஏற்காட்டுக் கணக்கர்:
லிங்க் அமையும் இடத்திலேயே சோதிப்பது, 'டெஸ்ட் -எல்' பார்ப்பது இரண்டையும் செய்தேன், ஐயா. இப்போது இரு கணினிகளிலும் பென்டிரைவில் சோதனை ஒழுங்காகத் தோற்கிறது! தோற்றால் 'புதியது.டிஎக்ஸ்டி' என்ற கோப்பில் அன்றைய ஃபோல்டரின் பெயரை மட்டும் எழுதிவிடுகிறேன். கடைக்காரருக்கு அதுவே போதுமாம்.

பழைய ஷெல்காரர்:
அந்த நகல் ஃபோல்டரை இன்றே அழித்துவிடுங்கள். அது லினக்ஸ் டிஸ்க்குக்குத் திரும்பி வந்தால், பழைய லிங்க்கை நீக்கிப் புதியது போடும் 'எல்என் -எஸ்எஃப்என்' கூட அதை மாற்றாது. அதற்குள்ளே போய் ஒரு லிங்க்கைப் போட்டுவிட்டு வரும்.