மறுமொழி: பிக்கப்பில் உள்ள இரண்டு பேட்டரிக்கும் என்ன பெயர்? (முதன்மை, துணை சரிப்படவில்லை)

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சின்னக் கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேன். இழை இவ்வளவு நீளும் என்று எதிர்பார்க்கவில்லை. வேலை முடிந்து வீடு வரவே இரவு ஒன்பதாகிவிடுகிறது. ஆளுக்கொரு மடல் எழுத நேரமில்லை. எல்லாருக்கும் சேர்த்து இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

இடையில் வந்தவர்களுக்காக: நாங்கள் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்குப் புதுப்பிப்பு வேலை செய்கிற சிறிய நிறுவனம். ஒரே மாதிரி இரண்டு பிக்கப் வைத்திருக்கிறோம். சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் தானாக அணையும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகக் கிளம்பும். ஒவ்வொன்றிலும் பேட்டரி இரண்டு. பெரியது பானட்டைத் திறந்ததும் தெரியும். சின்னது ஃபியூஸ் பெட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கையேடு பெரியதை மெயின் என்றும் சின்னதை ஆக்சிலரி என்றும் சொல்கிறது. ஓட்டுநர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். இரண்டையும் நாமே மாற்றுவது எப்படி என்று அவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். ‘முதன்மை மின்கலம்’, ‘துணை மின்கலம்’ என்று போட்டேன். அகராதிப்படி தப்பில்லை. வண்டிப்படி தப்பு.

என்ன நடந்தது என்பதை முதல் மடலில் ஒரே வரியில் முடித்துவிட்டேன். பலர் கேட்டிருப்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. செம்பவாங்கில் மாமாவின் தரைவீட்டு வாசலில் வண்டியை ஏற்றி நிறுத்தியிருந்தோம். வீவக கார் நிறுத்துமிடத்தில் இப்படிக் கடை விரித்து உட்கார முடியாது. ஓட்டுநர் தம்பி ஒருவன் பத்தாம் நம்பர் ஸ்பானரோடு, என் குறிப்பைப் பார்த்துப் பார்த்து வேலை செய்கிறான். ‘முதன்மை மின்கலத்தின் எதிர்முனையை முதலில் கழற்றவும்’ என்று இருந்தது, கழற்றினான். நேராக நேர்முனைக்குப் போனான். ஸ்பானரின் வால் பானட்டுக் கீலில் பட்டது. ‘டப்’ என்று நீலமாக ஒரு பொறி. ஸ்பானர் நுனியில் மிளகளவு பள்ளம். கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மைனஸைக் கழற்றிய பிறகு பொறி எப்படி வரும்? இரண்டு பேட்டரியின் பிளஸ்களும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. பெரியதின் மைனஸ் கையோடு வந்துவிட்டாலும் சின்னதின் மைனஸ் வண்டியின் உடம்போடு இணைந்தபடியே இருக்கிறது. ஆகவே பெரியதின் பிளஸ் கவ்வியில் சின்னதின் மின்சாரம் நின்றுகொண்டிருந்தது. இரண்டு மைனஸையும் கழற்றிவிட்டுத்தான் பிளஸில் கை வைக்க வேண்டும். அதுவும் குறிப்பின் மூன்றாம் வரியில் இருந்தது. அவன் படித்தும் இருந்தான். பிறகு ஏன் செய்யவில்லை என்று கேட்டால்:

“துணை மின்கலம்னுதானே அண்ணே போட்டிருந்துச்சு. மெயின் போனாத்தான் அது வேலைக்கு வரும், அதுவரைக்கும் சும்மா கெடக்கும்னு நெனச்சேன்.”

திட்ட வாய் வரவில்லை. துணைப் பிரதமர், பள்ளியில் துணை முதல்வர் என்று நாம் அன்றாடம் படிக்கிற ‘துணை’ என்ன சொல்கிறது? மூத்தவர் ஊரில் இல்லாதபோது அவர் இடத்தில் உட்காருகிறவர். தம்பி தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டான். நான்தான் தப்பான சொல்லைக் கொடுத்தேன்.

அதோடு விடவில்லை. பொறியின் பயம் தெளிந்து மாமி கொடுத்த காப்பியைக் குடிக்கும்போது இன்னொன்று கேட்டான்: “அண்ணே, முதன்மை மின்கலத்த சார்ஜ் பண்ண முடியாதே? துணை மின்கலத்தத்தானே பண்ணலாம்? பிளஸ் டூவுல எழுதியிருக்கேன்.”

எனக்குத் தலை சுற்றியது. அவன் சொன்னதும் சரி. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் முதன்மை மின்கலம் என்றால் ஒருமுறை தீர்ந்தால் தூக்கிப்போடுகிற வகை, கடிகாரத்தில் போடுவோமே அது. துணை மின்கலம் என்றால் மறுபடி மறுபடி மின்னேற்றக்கூடியது. அந்தக் கணக்கில் என் பிக்கப்பில் இருக்கிற இரண்டுமே துணை மின்கலம்தான், இரண்டும் ஈய அமில வகை என்பதால். ஒரே சொல் பள்ளிக்கூடத்தில் ஒரு பொருளும் பானட்டுக்கு அடியில் வேறொரு பொருளும் தந்தால் குறிப்பு எழுதி என்ன பயன்?

இதனால்தான் ‘கிளப்புகலம்’, ‘தாங்குகலம்’ என்று முன்மொழிந்தேன். பெரியது எஞ்சினைக் கிளப்புகிறது. அந்த நொடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும், மின்னழுத்தம் சடாரென்று இறங்கும். தனியாக ஒரு பேட்டரி தாங்கிப்பிடிக்காவிட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் திரையும் ரேடியோவும் அணைந்து அணைந்து எழும். எஞ்சின் நிற்கும்போது காற்றாடி, விளக்கு, ஒலி 96.8 வானொலி எல்லாவற்றையும் தாங்குவது சின்னதுதான். (இந்த ஊர் வெயிலில் ஏசிக்காகவே எஞ்சின் அரை நிமிடத்தில் மறுபடி கிளம்பிவிடும் என்பது வேறு கதை.) இப்போது உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> மின்கலம் என்பது செல். பேட்டரி என்பது மின்கல அடுக்கு. கலம் என்று போடுவது அறிவியல் பிழை.

ஐயா சொல்வது பாடநூல்படி சரி. 12 வோல்ட் பெட்டிக்குள் ஆறு கலம் இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூட. முழுக்க ஏறிய பேட்டரி 12.6 காட்டுவது அதனால்தான். ஆனால் ‘கிளப்பு அடுக்கு’ என்று எழுதினால் எங்கள் ஆட்கள் சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்பார்கள். இங்கே அடுக்கு என்றால் அடுக்குச் சட்டி, இல்லாவிட்டால் அடுக்குமாடி. டார்ச் லைட்டில் போடுகிற ஒற்றைக் கலத்தையும் உலகம் பேட்டரி என்றுதான் சொல்கிறது. அந்த வேறுபாட்டை ஆங்கிலக்காரரே காப்பாற்றவில்லை. பேட்டரி என்ற பெயரே கடன்தான்: 1749இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்சாரம் தேக்கிய கண்ணாடிப் பலகைகளை வரிசையாக இணைத்துவிட்டு, பீரங்கி வரிசையின் பெயரை அதற்கு வைத்தார். நமக்குக் கலம் என்றால் பாத்திரம், கப்பல், எதையாவது ஏந்துகிற எதுவும். அமிலமும் ஈயத்தகடும் ஏந்திய பெட்டிக்கு அது பொருந்தாதா?

> சேமக்கலம் என்ற நல்ல சொல் பழைய பாடநூல்களில் இருக்கிறதே. முதற்சேமக்கலம், துணைச்சேமக்கலம் எனலாம்.

எனக்கும் பிடித்த சொல். மத்திய சேம நிதி போடுகிற ஊரில் ‘சேம’ என்றால் சேமிப்பு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். “எங்க ஊர்ல சாவு வீட்ல சங்கோட சேத்து அடிப்பாங்களே, அந்தச் சேமக்கலமா?” என்றான். செத்த பேட்டரிக்குப் பொருத்தம்தான்! ஆனாலும் அந்த முதல், துணை இரண்டும் திரும்ப வந்துவிடுகின்றனவே. நமக்குச் சிக்கல் கலத்தில் இல்லை, அதற்கு முன்னால் நிற்கிற சொல்லில்.

> கிளப்பு கொச்சை. துவக்குகலம் எனலாமே?

கிளம்பு, கிளப்பு: திரும்பு, திருப்பு போல, நிரம்பு, நிரப்பு போல. வண்டி கிளம்பும், நாம் கிளப்புவோம். இதில் கொச்சை எங்கே? காப்பி கிளப்பு (அந்தக் காலத்து ஓட்டல்) நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் வயதுக்கு அது வரட்டும். துவக்குக்குப் பதில் நான் சொல்ல வேண்டியதில்லை, யாழ்ப்பாணத்து நண்பரே சொல்லிவிட்டார்: அவருக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி. பீரங்கியில் தொடங்கிய பேட்டரியை மறுபடி துப்பாக்கியில் கொண்டுபோய் விட வேண்டாம்.

எழுத்துப்பிழை பற்றி ஒரு சொல். இரண்டு மடல்களில் ‘தாங்குக்கலம்’ என்று வந்திருக்கிறது. இது வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. சுடுகாடு, ஊறுகாய் போல. தாங்குகலம், கிளப்புகலம்.

> பெரிய லாரியில் இருக்கும் இரண்டு பேட்டரிக்கும் இதே பெயரா?

இல்லை. அங்கே 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, இரட்டை மாட்டு வண்டி மாதிரி. ஒன்று நொண்டினால் மற்றதும் கெடும், அதனால் மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அவற்றுக்கு ஜோடி என்பதைத் தவிர வேறு பெயர் தேவையில்லை.

இந்தக் கேள்வி வந்த பிறகுதான் மின்சார வேன்களை யோசித்தேன். அவற்றில் வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரி நூற்றுக்கணக்கான வோல்ட். அதோடு விளக்கு, பூட்டு, கணினிக்கு ஒரு சாதாரண 12 வோல்ட். அங்கே ஆக்சிலரி என்றால் அந்த 12 வோல்ட். என் பிக்கப்பில் மெயினும் 12 வோல்ட்தான். வண்டிக்கு வண்டி பதவி மாறுகிறது பாருங்கள். வேலையை வைத்துப் பெயரிட்டால் குழப்பம் இல்லை: அது ‘ஓட்டுகலம்’. ஆரஞ்சு நிறக் கம்பி போகிற இடமெல்லாம் அதன் பாதை. வீட்டு வாசலில் வைத்து யாரும் அதைத் தொட வேண்டாம். அந்த எச்சரிக்கையைக்கூட ‘ஓட்டுகலத்தைத் தொடாதே’ என்று ஒரே வரியில் எழுத முடிகிறது.

> சிங்கப்பூரில் நாலு பேர் கூடிச் சொல் செய்தால் தமிழ்நாட்டில் யார் எடுப்பார்கள்?

எடுக்காமலும் போகலாம். சேம நிதியை அவர்கள் எடுக்கவில்லை. அங்கே வருங்கால வைப்பு நிதி. ஆனால் இந்தக் குழுமம் எதன் மேல் நடக்கிறது? இணையத்தின் மேல். அந்தச் சொல்லைத் தந்தவர், 1997இல் இங்கே தமிழிணைய மாநாட்டைக் கூட்டிய நா. கோவிந்தசாமி என்பார்கள். அதனால் அந்தக் கவலையை விட்டுவிடுவோம்.

> பேசாமல் பேட்டரி என்றே விடலாமே. கிளப்பு பேட்டரி, தாங்கு பேட்டரி.

இந்த மடலைத்தான் பல தடவை படித்தேன். எனக்கு மறுப்பு இல்லை. கடையில் போய்க் கலம் கேட்டால் கிடைக்காது, பேட்டரி கேட்டால்தான் கிடைக்கும். முன்பாதி சரியாக இருந்தால் பின்பாதி எதுவாயினும் கை சரியாக வேலை செய்யும். முனை விஷயத்திலும் இறங்கி வந்துவிட்டேன்: எதிர்முனை, நேர்முனை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மைனஸ், பிளஸ் என்றே போட்டேன். ‘முனையம்’ போடலாம் என்றவருக்கு: இங்கே முனையம் என்றால் சாங்கி விமான நிலையம். ஆட்கள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

புதுக் குறிப்பை இப்படி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பிக்கப்பிலும் வைத்திருக்கிறேன்:

“சாவியை எடுத்து வண்டியிலிருந்து தள்ளி வை. கிளப்பு பேட்டரியின் மைனஸைக் கழற்று. தாங்கு பேட்டரியின் மைனஸையும் கழற்று. இரண்டு கவ்வியையும் துணியில் சுற்றி ஒதுக்கி வை. அதற்குப் பிறகுதான் பிளஸ். கவ்வியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துத் தேய், துடை, காயவிடு. பெரியது இருபது கிலோ வரும். முதுகை வளைத்துத் தூக்காதே. புதியதை வைக்கும்போது தலைகீழ் வரிசை: பிளஸ் இரண்டும் முதலில், மைனஸ் இரண்டும் கடைசியில். பழையது இரண்டும் கடைக்குத் திரும்பப் போக வேண்டும், குப்பையில் போடாதே.”

மாற்றும்போது எந்த வகை வாங்குவது என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். இந்த மாதிரி வண்டிக்கு, அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் ஊறவைத்த வகைதான். சாதாரண நீர் ஊற்றுகிற வகை அடிக்கடி கிளப்பித் தாங்காது. அந்தப் பாய்க்கும் ஒரு கலைச்சொல் வேண்டும் என்றால் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

நேற்று மதியம் துவாசிலிருந்து தம்பி கூப்பிட்டான். இரண்டாவது பிக்கப் சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் திரை அணைகிறதாம்.

“ரெண்டு மைனஸையும் கழட்டி வச்சு, தனித்தனியாத்தான் பாத்தேன் அண்ணே. கிளப்பு 12.5 காட்டுது. தாங்கு 11.7. தாங்கு செத்துருச்சு.”

கலமா, அடுக்கா, பேட்டரியா என்று நாம் ஒரு வாரம் அடித்துக்கொண்ட பின்பாதியை அவன் சொல்லவே இல்லை. இரண்டும் ஒரே நாளில் போட்டவை, மூன்று வருடம் ஆகிறது, சேர்த்தே மாற்றிவிடலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு வாசல் காலியாக இருக்குமா என்று கேட்டான்.