மொய் செயலி: இரண்டு டேப்லெட்டில் எழுதினால் வரிகள் காணாமல் போகின்றன

கானாடுகாத்தான்_கோடர்:
எங்கள் பக்கக் கல்யாணங்களுக்கு மொய் எழுத ஒரு செயலி செய்திருக்கிறேன், சர்வர் நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டுவது). முகப்பில் ஒருவர், வளவில் (உள்முற்றத்தில்) ஒருவர் எழுதுவார்கள். பழைய வீடு, கனத்த சுவர், உள்ளே வைஃபை நிற்பதில்லை. போன வாரம் தொடர்பு திரும்பியதும் வளவு டேப்லெட் தன் பழைய பட்டியலை அனுப்ப, முகப்பில் எழுதிய 14 பேர் அழிந்துவிட்டார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அல்லவா, ஒரு பெயர் விட்டாலும் பகையாகிவிடும். நல்லவேளை காகித நோட்டும் போட்டிருந்தார்கள். எர்லாங், அதன் மேல் ஓடும் எலிக்ஸிர் என்று வேறு நிரல்மொழிக்கு மாறினால் இது சரியாகுமா?

தேவகோட்டை_எலிக்ஸிர்:
மாறுங்கள் தம்பி. எர்லாங் 1986-ல் எரிக்சனில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தொடங்கிய மொழி. கல்யாணத்துக்கு ஒரு புராசஸ் (தனியாக ஓடும் சிறு நிரல்) வையுங்கள், வரும் மெசேஜ்களை அது ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும், ஒரு புராசஸ் விழுந்தால் அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் திரும்ப எழுப்பிவிடும். யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று பார்க்க எலிக்ஸிரின் வலைக் கட்டமைப்பான பீனிக்ஸில் பிரசென்ஸ் என்ற வசதி இருக்கிறது.

பள்ளத்தூர்_77:
அண்ணே, நோட் ஜேஎஸ்-இலும் நம் நிரல் ஓடுவது ஒரே திரியில் (த்ரெட்) தான், அதுவும் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறது. தம்பி முழுப் பட்டியலை அனுப்புகிறார், அங்கேதான் கோளாறு. அந்தப் பழைய பட்டியலை எர்லாங்கும் வரிசையாக வாங்கி அழகாக அழித்துத்தான் வைக்கும்.

வரிகளை மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் டேப்லெட்டிலேயே தனி அடையாள எண் போட்டுவிட்டால், எந்த வரிசையில் வந்தாலும், இரண்டு தடவை வந்தாலும், சேர்த்தால் அதே பட்டியல்தான் வரும். அடித்தலும் ஒரு புது வரிதான், எதையும் நீக்க வேண்டாம். மார்க் ஷபீரோவும் கூட்டாளிகளும் 2011-ல் சிஆர்டிடி (தனித்தனியே மாற்றினாலும் மோதாமல் சேரும் தரவு வகை) என்று பெயரிட்டு எழுதியது இந்த வகைதான். ஜாவாஸ்கிரிப்டிலேயே இதற்கு ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் என்று இரண்டு நூலகங்கள் இருக்கின்றன. எது முன், எது பின் என்று அறிய டேப்லெட் கடிகாரத்தை நம்பாதீர்கள், கணினி அறிஞர் லாம்போர்ட் 1978-ல் சொன்ன எண்ணிக்கை முறை போதும்.

தேவகோட்டை_எலிக்ஸிர்:
சரிதான், முழுப் பட்டியல் என்பதை நான் கவனிக்கவில்லை. மொழியின் உதவி என்றால் செஷன் டைப் (யார், எந்த வரிசையில், எதை அனுப்பலாம் என்று சொல்லும் டைப்) என்று ஒன்று உண்டு, கோஹெய் ஹோண்டா 1993-ல் எழுதியது. ‘எதுவரை வாங்கியிருக்கிறாய்’ என்று கேட்ட பிறகே வரி அனுப்பலாம் என்பதை டைப்பாக எழுதினால், மீறுகிற நிரல் கம்பைலரிலேயே நின்றுவிடும்.

கானாடுகாத்தான்_கோடர்:
ஆட்டோமெர்ஜ் போட்டுப் பார்த்தேன். இரண்டையும் ஏரோப்ளேன் மோடில் வைத்து ஆளுக்கு 20 வரி எழுதினோம், இணைத்ததும் 40-ம் இருந்தன. ஒரே தொகையை இருவர் வேறு வேறாகத் திருத்தினால் ஒன்றைக் காட்டுகிறது, ஆனால் மற்றதையும் கேட்டு வாங்கலாம். அப்படிப்பட்ட வரியை மஞ்சளாகக் காட்டி வீட்டுக்காரரையே கேட்கச் செய்திருக்கிறேன். ஒரே ஆளை முகப்பிலும் வளவிலும் எழுதிவிட்டாலும் அப்படியே. அடுத்த முகூர்த்தத்திலும் காகித நோட்டு பக்கத்தில் இருக்கும்.