பிரியோராத் ஒயின் தொண்டையை எரிக்கிறது, எதோடு சாப்பிட வேண்டும்?

நிலாமுற்றம்:
பார்சிலோனாவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. புது வீட்டுக்குக் குடிவந்தபோது கூட வேலை பார்ப்பவர் இரண்டு பாட்டில் பிரியோராத் கொடுத்தார், கத்தலோனியாவில் அதே பெயருள்ள மலைப்பகுதியின் ஒயின். கார்னாச்சா, காரின்யேனா என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்த சிவப்பு ஒயின், லேபிளில் 15 சதவீதம் என்று போட்டிருக்கிறது. போன சனிக்கிழமை, நல்ல வெக்கையில், ஒன்றைத் திறந்தோம். தொட்டுக்கொள்ள காடியில் ஊறிய நெத்திலியும் பத்தாத்தாஸ் பிராவாஸும் (காரச் சாஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல்). முதல் மடக்கே தொண்டையை எரித்தது, ஈறெல்லாம் வறண்டது, நெத்திலிக்கு அப்புறம் குடித்தால் இரும்பை நக்கின மாதிரி இருந்தது. ஒயின் கெட்டுவிட்டதா? அடுத்த வாரம் அவரையே சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், இரண்டாவது பாட்டிலையாவது ஒழுங்காகப் பரிமாற வேண்டும்.

மரப்பீப்பாய்:
கெட்டிருக்காது. கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ காடி வாடையோ முதலில் மூக்குக்கே தெரிந்திருக்கும். 15 சதவீத ஒயினை வெக்கையில் குடித்தால் சாராயம்தான் முன்னால் வந்து நிற்கும், பழ வாசனை மேலே வரவே வராது. பாட்டிலை ஃபிரிஜ்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள், 16, 17 டிகிரி போதும். அப்புறம் டிகேன்டரிலோ வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையிலோ ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

ஈறு வறண்டது டானின், அதாவது திராட்சைத் தோலின் துவர்ப்பு. அது இந்த ஊர் ஒயினின் குணம். செங்குத்தான சரிவில் சிலேட்டுப் பாறை நிலம், லிகொரெய்யா என்பார்கள். மண் குறைவு, வேர் பாறை இடுக்கில் தண்ணீர் தேடி ஆழமாக இறங்கும், பழைய கொடிகளில் கொஞ்சம்தான் காய்க்கும், அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் அடர்ந்து நிற்கும். கார்னாச்சா பழச்சுவையையும் சாராயத்தையும் தருகிறது, காரின்யேனா நிறத்தையும் புளிப்பையும் துவர்ப்பையும். கிளாஸைச் சுழற்றி மோந்து பாருங்கள்: முதலில் கறுத்த செர்ரி, அத்திப்பழ வற்றல், கொஞ்சம் பொறுத்தால் அதிமதுரம், கடைசியில் சூடான கல்லில் மழை விழுந்த வாசனை. அந்தக் கல் வாசனைக்காகத்தான் நான் பிரியோராத்தையே தேடி வாங்குகிறேன்.

அடுப்படி:
இரும்பு ருசிக்குக் காரணம் நெத்திலி. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பும் மீன் எண்ணெயும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். பிராவாஸின் காரம் சாராய எரிச்சலை இன்னும் ஏற்றிவிட்டிருக்கும்.

இதற்குக் கொழுப்பும் உப்பும் வேண்டும். ஆட்டு விலாத் துண்டுகளைக் கல் உப்பு மட்டும் போட்டுச் சுடுங்கள், காய்ந்த திராட்சைக் கொடிக் குச்சி கிடைத்தால் அந்தத் தணலில். கூடவே ரொமெஸ்கோ அரைத்து வையுங்கள்: சுட்ட தக்காளி, பூண்டு, வாதுமை, ஹேசல்நட், ஆலிவ் எண்ணெய், ஊறவைத்து வழித்த ஞோரா மிளகாய். ஞோராவில் காரம் கிடையாது, அதனால் பயப்பட வேண்டாம். கறியைக் கொழுப்போடு மென்று விழுங்கின கையோடு ஒரு மடக்கு குடியுங்கள், அந்தத் துவர்ப்பு எவ்வளவு இதமாகிவிடுகிறது என்று தெரியும். கடைசியில் நன்றாகப் பழுத்த மாஞ்செகோ சீஸ்.

கொடித்தடம்:
விலா சீக்கிரம் ஆறிவிடும், ஆறினால் கொழுப்பு உறைந்து வாயில் ஒட்டும். விருந்தாளியோடு பேசிக்கொண்டே சாப்பிட மாட்டுவால் குழம்பு, ராபோ தே தோரோ, தான் சரி. ஒயின் ஊற்றி மூன்று, நான்கு மணி நேரம் கொதித்தால் கறி எலும்பை விட்டுக் கழன்று வரும். ஆனால் குழம்பில் பிரியோராத்தை ஊற்றிவிடாதீர்கள், அதற்கு மலிவான ஒயினே போதும். ருசி பழக வேண்டுமென்றால் மோன்சான்ட் வாங்குங்கள். பிரியோராத்தை வளைத்துக்கொண்டிருக்கிற பகுதி, அதே திராட்சைகள், விலை பெரும்பாலும் குறைவு.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. விலாதான் செய்தேன், நான்கு நான்காகச் சுட்டு சூடாகவே போட்டேன். ஒரு மணி நேரம் குடுவையில் இருந்த ஒயினில் எரிச்சலே தெரியவில்லை. கல் வாசனை எனக்குப் பிடிபடவில்லை, அதிமதுரம் நன்றாகத் தெரிந்தது. நண்பர் ரொமெஸ்கோவைக் கிண்ணத்தோடு வழித்துச் சாப்பிட்டார்.