ஹனாமிக்கு ஒரு சொல்

அன்புடையீர்,
ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படக் கண்காட்சி ஒன்றுக்குத் தமிழ் விளக்கம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ‘ஹனாமி’க்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். செர்ரி பூக்கும்போது போய்ப் பார்த்துக் கொண்டாடும் ஜப்பானிய வழக்கம் அது. ஹனா என்றால் பூ, மி பார்ப்பது. ஓவியர் ஹொக்குசாயின் ஃபூஜி மலைப் பட வரிசையில், கோதென்யாமா குன்றின் செர்ரி மரத்தடியில் உட்கார்ந்து உண்டு குடிக்கிறார்கள். ‘பூப்பார்த்தல்’ என்றால் அந்தக் கொண்டாட்டம் வரவில்லையே.

> பூக்காட்சி எனலாம். கம்பனில் பூக்கொய் படலத்துக்கு முன்னால் வரைக்காட்சிப் படலம் இருக்கிறது. தொல்காப்பியத்திலும் நடுகல்லுக்குக் கல்லைத் தேடிக் காண்பதுதான் காட்சி. போய்க் காண்பது என்ற பொருள் சொல்லிலேயே உண்டு.

> ஐயா, வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “ஊட்டி மலர்க் காட்சியா மிஸ்?” என்றார்கள். ஹனாமி என்றே விடுங்கள். சுனாமியை ஏற்கவில்லையா?

> சுனாமி வந்தபோது ஆழிப்பேரலையும் வந்ததே அம்மா! கிரந்தம் தவிர்த்து ‘அனாமி’ என்று எழுதினால் பெயரில்லாதவன் ஆகிவிடும். தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குச் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள்: ‘பூம்பொழில் நுகர்தல்’. கொஞ்சம் தள்ளி ‘தேம்பிழி மதுக்களி’. பூவும் மதுவும் அங்கேயே இருக்கின்றன. செர்ரியையும் சேலா என்றே எழுதுங்கள்.

> சேலா என்றால் யாருக்குப் புரியும்? அப்புறம், ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டோம். அச்சுக்கட்டையே மலைச் செர்ரி மரம்தான். இழை நெருக்கமான மரம், மயிரிழைக் கோடும் உடையாமல் நிற்கும். பூவின் படம் அதே இனத்து மரத்திலிருந்து அச்சாகிறது. விளக்கத்தில் அவசியம் சேருங்கள்.

> கோதென்யாமாவைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். 1853-இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்ததும், கடலில் பீரங்கி மேடை கட்ட அந்தக் குன்றை வெட்டி மண் எடுத்தார்கள். 1856-இல் ஹிரோஷிகே என்ற ஓவியர் வரைந்த படத்தில் வெட்டுப்பட்ட செங்குத்துச் சரிவு அப்படியே தெரிகிறது. மேலே மிச்சமிருந்த மரங்கள் பூத்திருக்கின்றன, ஆட்களும் வந்திருக்கிறார்கள். இதற்கு ‘நுகர்தல்’ பொருந்துமா? காட்சிதான் சரி.

> பொருந்தும். நுகர்தல் என்றால் வெறும் இன்பம் அல்ல, துன்பத்தையும் நுகர்கிறோம். என் கருத்தில் மாற்றமில்லை.

அனைவருக்கும் நன்றி. ‘பூக்காட்சி’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஹனாமி என்று கொடுத்துவிட்டேன். செர்ரி செர்ரியாகவே இருக்கிறது. கட்டை பற்றிய வரி சேர்ந்தது. ‘பூம்பொழில் நுகர்தல்’ படத்தின் கீழே அடங்கவில்லை ஐயா, கண்காட்சியின் முன்னுரையில் வைத்திருக்கிறேன்.

> முன்னுரையை யார் படிக்கிறார்கள்? படத்தின் கீழேதான் வர வேண்டும்.