பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும்போது வரும் பதற்றத்தை எப்படிச் சமாளிப்பது?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு அறுபது வயது கடந்துவிட்டது. கணவர் காலமான பிறகு கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டோடு வந்துவிட்டேன். மகனும் மருமகளும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். இருவரும் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் போய்க் கதவைச் சாத்தியதும் எனக்குப் பதற்றம் தொடங்கிவிடுகிறது. காஸை அணைத்தேனா, கதவைத் தாழிட்டேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். இன்டர்காம் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. காவலாளி இந்தியில் ஏதோ கேட்பார், எனக்குப் புரியாமல் 'சரி' என்று சொல்லிவிடுவேன், பிறகு யாரை மேலே அனுப்பச் சொன்னோமோ என்ற பயத்தில் கதவருகிலேயே நின்றுகொண்டிருப்பேன். பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டால், செய்திகள் கலக்கத்தைக் கூட்டுகின்றன. பிள்ளைகளிடம் சொல்லி அவர்களுக்கும் கவலை கொடுக்க மனம் வரவில்லை. என்னைப் போல் இருப்பவர்கள் பகலை எப்படிக் கழிக்கிறீர்கள்?

அல்சூர்வாசி:

அம்மா, வணக்கம். இன்டர்காம் பிரச்சினையை இன்றே தீர்த்துவிடலாம். காவலாளி அழைக்கும் எண்ணை மகனுடைய கைபேசிக்கு மாற்றித் தரும்படி குடியிருப்பு அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த வசதி இருக்கிறது. அதுவரை, 'பேட்டே கோ ஃபோன் கீஜியே' என்று ஒரு தாளில் தமிழ் எழுத்திலேயே பெரிதாக எழுதி இன்டர்காமுக்கு மேலே ஒட்டிவையுங்கள். மகனுக்குப் போன் செய்யுங்கள் என்பது அதன் பொருள். அதைச் சொல்லி வைத்துவிட்டால் பொறுப்பு உங்களை விட்டுப் போய்விடும்.

அடுத்தது, வாரத்தில் ஒரு நாளாவது வெளியே தமிழில் வாய்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும். அல்சூர் ஏரிக்கு அருகில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகமும் உண்டு. ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் வண்டி மாறாமலே ஹலசூரு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். முதல் முறை மட்டும் மகனை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வெண்தாமரை:

நான் ஓய்வுபெற்ற செவிலியர். சகோதரி, முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தச்சோகை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். அதை மனக்கவலை என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. படபடப்போடு நெஞ்சில் இறுக்கமோ, கை அல்லது தாடைக்குப் பரவும் வலியோ, மூச்சுத் திணறலோ இருந்தால் மாலை வரை மகனுக்காகக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

காஸ் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சரிபார்க்க, நமக்கு நம் நினைவின் மேல் உள்ள நம்பிக்கைதான் குறைகிறது. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரைத் திருப்பும்போதே 'அணைத்துவிட்டேன்' என்று வாய்விட்டு ஒரு முறை சொல்லுங்கள். மறுபடி பார்க்கத் தோன்றினால், பத்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பதற்றம் பெரும்பாலும் தானாகவே தணியத் தொடங்கும். படபடப்பு வரும்போது உட்கார்ந்துகொண்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மெதுவாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது.

காபி எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள்?

காவிரிக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காபி காலையில் இரண்டு முறை, பிறகு நான்கு மணிக்கு ஒன்று. மதியம் சாப்பிட்டதும் படுத்தால் காபி நேரம் வரை தூங்கிவிடுகிறேன், இரவில் விழித்துக் கிடக்கிறேன். அந்த இரவுப் பொழுதுதான் பகலைவிடக் கொடுமையாக இருக்கிறது.

வெண்தாமரை:

அந்த நான்கு மணிக் காபியை விடுங்கள். உடலுக்குள் போன காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், படுக்கப் போகும் ஒன்பது மணிக்கும் அது உங்களை விழிக்க வைத்துக்கொண்டிருக்கும். பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர்கள் கிளம்பும்போதே நீங்களும் செருப்பு மாட்டிக்கொண்டு லிஃப்டில் அவர்களுடன் இறங்கி, வெயிலில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வாருங்கள். காலை வெளிச்சம் இரவுத் தூக்கத்துக்கு உதவும். கதவு சாத்தப்படும் அந்த நிமிடத்தில் நீங்கள் வீட்டுக்குள் தனியாக நிற்கவும் வேண்டியிருக்காது.

மாரத்தஹள்ளி மகன்:

என் தாயாரும் உங்களைப் போலவே பகலில் தனியாக இருப்பவர் என்பதால், மகனின் இடத்திலிருந்து எழுதுகிறேன். தயவுசெய்து உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். என் தாயார் மறைத்தது பக்கத்து வீட்டார் மூலமாகத்தான் எனக்குத் தெரியவந்தது, அதைக் கேட்டபோது பட்ட வேதனை எந்த வேலைச் சுமையையும்விடப் பெரிது. இப்போது மதியம் ஒரு மணிக்கு, எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் வெளியே வந்து அவரிடம் பேசுகிறேன். எப்போது அழைப்பு வரும் என்று தெரியாமல் காத்திருந்த தவிப்பு அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

தூக்கமின்மையும் மனச்சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டெலி மானஸ் எண்ணான 14416க்கு அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் விழித்துக் கிடப்பவருக்கு அந்த எண் கைபேசியில் பதிந்திருக்க வேண்டும். இன்று இரவு உணவின்போது மகனிடம் கொடுத்து அதைப் பதிந்து தரச் சொல்லுங்கள், மற்றதையும் அப்போதே சொல்லிவிடலாம்.