நீஸ் கரையோரம் பழைய ஃபியட் 500: ஓட்டிச் சமாளிக்கலாமா?

கல்லடி:
ஆகஸ்டில் பிரான்ஸ் போறோம். நீஸ் நகரில் கூரை திறக்கிற பழைய ஃபியட் 500 ஒருநாள் வாடகைக்கு எடுக்க யோசனை. மட்டக்களப்பு ரோட்டெல்லாம் சமதரை. அங்கே மலை, ஸ்டியரிங்கும் இடப்பக்கம். என்ன கவனிக்கணும்? எந்த வழி நல்லம்?

அக்கரைப்பற்று:
கட்டாயம் எடு தங்கச்சி, அருமையான வாகனம். ஆனால் கியர்பெட்டியில் சின்க்ரோ (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைத் தானே பொருத்தும் அமைப்பு) இல்லை. 3இலிருந்து 2க்கு இறக்க, கிளச்சை மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒருதரம் தட்டு, திரும்பக் கிளச்சு, பிறகு 2. அந்தத் தட்டு இல்லாவிட்டால் பல் கரகரக்கும்.

நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக். நீள இறக்கத்தில் மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காது. மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் செய்வதுபோல, இறக்கம் தொடங்குமுன்பே 2க்கு வந்துவிடு.

சிவப்புச் சார்ஜ் விளக்கு ஐடிலில் எரிந்தால் பயமில்லை. ரேஸ் கொடுத்தும் அணையாவிட்டால் உடனே நிறுத்து. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்கும் கூலிங் ஃபேனுக்கும் ஒரே பெல்ட், அது அறுந்தால் ஃபேனும் நின்றுவிடும். இது காற்றால் ஆறும் எஞ்சின், ரேடியேட்டரே கிடையாது.

காத்தான்குடி:
கீழ்க் கரையோர ரோட்டால் கிழக்கே போங்க: துறைமுகம், வில்ஃபிரான்ஷ், போலியூ. அங்கே வலப்பக்கம் ஓடுவதால் கடலோர லேன் உங்களுக்கே. திரும்பும்போது எஸ் கிராமம் வழியாக, மலையில் கீழ் ரோட்டுக்கும் மேல் ரோட்டுக்கும் இடையில் போகும் நடு ரோடு. வெள்ளனக் கிளம்புங்க, நெரிசலில் ஊர்ந்தால் ஃபேன் மெதுவாகி எஞ்சின் சூடேறும். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தோடு நம்ம அசல் லைசன்ஸும் கையில் இருக்கணும். தொப்பிக்கு நாடா வையுங்க.