சிரித்தவர்களும் எழுந்து போனவர்களும்: சேலத்தில் ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்த அனுபவங்கள்

அம்மாப்பேட்டைக்காரர்:

ஆடிப் பண்டிகைக்கு வந்த உறவினர்களையெல்லாம் மொட்டை மாடியில் உட்காரவைத்து, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டோம். என்ன படம் என்று பேசவே இடமில்லை. பெரியம்மா முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் திரையைவிட ஆட்களைத்தான் அதிகம் கவனித்தேன். எங்கள் ஊர் நொறுக்குத்தீனியான தட்டுவடை செட் கீழே சமையலறையில் இருந்தது. யார் எப்போது அதற்காக எழுந்து போகிறார்கள் என்று பார்த்தாலே போதும், தனியாக விமர்சனம் எழுத வேண்டியதில்லை.

நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும்போது ஒருவரும் அசையவில்லை. டூயட் வந்தவுடன் மாடிப்படியில் நெரிசல். பாட்டில் குறை இல்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி மெட்டைத் தட்டுவடையை மென்றுகொண்டே முணுமுணுத்தார்கள். காதுக்கு வேலை இருந்தது, கண்ணுக்கு இல்லை. 1964-இல் வண்ணத்தில் பார்த்தவர்களுக்குப் படத்தில் வரும் ஆழியாறு அணையே வேடிக்கையாக இருந்திருக்கும். அது ஏற்காடு என்று பெரியம்மா இன்றும் சாதிக்கிறார், அது வேறு கதை.

சூரமங்கலத்துத் தம்பி:

அண்ணா, அந்தக் கதை சொல்லும் காட்சியை எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் போட்டோம். நாகேஷ் வேடத்துக்கு அடிதடி. பாலையா வேடத்தை யாரும் கேட்கவில்லை, வசனம் குறைவு என்பதால். ஒத்திகையில் நாகேஷாக நடித்தவன் கதவு கிரீச்சிடும் ஒலி, காலடி ஓசை எல்லாம் பிரமாதமாகக் கொடுத்தான். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். எதிரே இருந்தவன் மரம்போல உட்கார்ந்திருந்ததுதான் காரணம். பிறகு எங்கள் நாடகப் பயிற்சியாளர், நன்றாகப் பயப்படத் தெரிந்த ஒருவனைத் தேடிப் பிடித்து அங்கே உட்காரவைத்தார். அதே ஒலிகள்தான், அரங்கமே உருண்டது. அந்தக் காட்சியில் சிரிப்பு கேட்பவரின் முகத்தில் இருக்கிறது. பல நடிகர்கள் சேர்ந்து செய்யும் நகைச்சுவையில் விட்டுக்கொடுப்பவர்தான் பெரிய ஆள் என்று அன்று புரிந்தது.

ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற எஸ்டேட் கணக்கர்:

தம்பி சொல்வது சரி. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாலையா வெறும் கேட்பவர் அல்ல. படத்தின் எல்லாக் கயிறுகளும் அவர் கையில்தான் வந்து முடிகின்றன. நாகேஷுக்குப் படம் எடுக்க அவர் பணம் வேண்டும். வேலையை இழந்த ரவிச்சந்திரனுக்கு அவர் பெண் வேண்டும். அதற்காக முத்துராமன் கிழவர் வேடம் போட்டு, ரவிச்சந்திரனின் கோடீஸ்வர அப்பாவாக வந்து இறங்குகிறார். இயக்குநர் ஸ்ரீதரும் அவரோடு சேர்ந்து எழுதிய சித்ராலயா கோபுவும் ஒரே வாசலில் இத்தனை பேரை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் ஆட்கள் கூடக்கூடக் குழப்பம் கூடவில்லை, சிரிப்புதான் கூடியது.

எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடிந்தபோது வேலையாட்களுக்காக இதைத் திரையிட்டார்கள். நகரத்தில் சிரிக்கும் இடத்தில் இவர்கள் சிரிக்கவில்லை. வந்திருப்பவர் பெரும் பணக்காரர் என்று நம்பியவுடன் பாலையாவின் முதுகு வளைகிறதே, அங்கேதான் சிரிப்பு வெடித்தது. முதலாளி குனிவதை நெருக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? ரவிச்சந்திரன் பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்து வேலை கேட்டுப் பாடியபோது மேஸ்திரி ஒருவர் என் காதருகே, “இங்கே அடித்திருந்தால் அட்டை கடித்தே ஓடியிருப்பார்” என்றார். படத்தில் வரும் பாலையாவின் எஸ்டேட்டில் என்ன விளைகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. பங்களா இருக்கிறது, மேலாளர் இருக்கிறார், மண் இல்லை. நகைச்சுவைப் படத்துக்கு அது பெரிய குற்றமா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனாலும் உறுத்தும்.

சூரமங்கலத்துத் தம்பி:

ஐயா, நாகேஷின் சினிமாக் கம்பெனிக் கதையை முழுதாக வெட்டி எடுத்தாலும் காதல் கதை நிற்குமே? அது தனியாகத்தானே ஓடுகிறது?

ஏற்காட்டுக் கணக்கர்:

நிற்கும். யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அஸ்தம்பட்டி ஆசிரியை:

வாசலில் வரிசையாக நிற்கிறார்கள் என்றீர்களே ஐயா, அந்த வரிசையில் அவருடைய பெண்கள் எங்கே? திட்டம் போடுவது ரவிச்சந்திரன், வேடம் போடுவது முத்துராமன், ஏமாறுவது பாலையா. காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் ஆரம்பத்தில் வம்பு செய்கிறார்கள், பிறகு காதலிக்கிறார்கள், அவ்வளவுதான். மாடிப்படி நெரிசலுக்கு இதுவே காரணம் என்பது என் கட்சி. சச்சுவுக்கு மட்டும் நாகேஷோடு மல்லுக்கு நிற்க இடம் கிடைத்தது, அதை அவர் விடவில்லை.

என் அக்காவும் நானும் விடுமுறை நாள் ஒன்றில் இதைப் பார்த்த கையோடு 1967-இல் வந்த ‘பாமா விஜய’த்தையும் பார்த்தோம். பாலச்சந்தர் இயக்கியது. அதே பாலையா, அதே முத்துராமன், அதே நாகேஷ், அதே காஞ்சனா. நடிகை பாமாவாக ராஜஸ்ரீ. அந்த நடிகை வரப்போகிறாள் என்று சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மூவரும் வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள். கடன் ஏறுகிறது, மாமனார் தவிக்கிறார். கதையை உருட்டுவதே மருமகள்கள்தாம். அக்கா ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை. பிற்பகுதியில் புத்திமதி கொஞ்சம் ஓங்குகிறது, அந்தக் குறை ஸ்ரீதர் படத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் மறுபடி பார்க்கலாம் என்றால் அக்கா பாலச்சந்தர் பக்கம், நான் இன்னும் பாலையாவின் பயந்த முகத்தின் பக்கம்.

அம்மாப்பேட்டைக்காரர்:

சரி டீச்சர், தீபாவளிக்கு மாடியில் ‘பாமா விஜயம்’. பெரியம்மாவிடம் சம்மதம் வாங்குவது உங்கள் பொறுப்பு.